வறண்ட கண்ணும் வறண்ட கல்பும் ஒன்றல்ல

கண் வறட்சி ஒரு நோய். கல்பின் வறட்சி வேறொரு நோய். முன்னதற்குக் கண் மருத்துவரை நாட வேண்டும். பின்னதற்கு அல்லாஹ்வின் பக்கம் மீள வேண்டும். இவ்வளவு எளிய வேறுபாட்டை நம் சமுதாயத்தில் சிலர் தொடர்ந்து குழப்பி வருகின்றனர். அந்தக் குழப்பத்தைக் கண்டிக்கவே இதனை எழுதுகிறோம்.

வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாது சுற்றிவரும் குரல் பதிவுகளின் சாரம் இதுதான்: கண் எரிகிறதா, மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறதா, நீங்கள் அழுது நெடுநாளாகிவிட்டது, பாவங்கள் கண்ணீரை உறிஞ்சிவிட்டன, ஆகவே இன்ன திக்ரை இத்தனை முறை ஓதி, இன்ன சுர்மாவை இரவுதோறும் இட்டுக்கொள்ளுங்கள். பதிவின் முடிவில் அந்தச் சுர்மா கிடைக்கும் கைப்பேசி எண் தவறாமல் இடம்பெறும்.

இறையச்சத்தால் அழுவதின் சிறப்பை நாம் மறுக்கவில்லை, மறுக்கவும் முடியாது. தனிமையில் அல்லாஹ்வை நினைத்துக் கண்ணீர் வடிப்பவர், அவனுடைய நிழலைத் தவிர வேறு நிழலில்லாத நாளில் நிழல் பெறும் ஏழு வகையினருள் ஒருவர் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்து. போருக்குச் செல்ல வாகனம் கிடைக்காமல் கண்ணீரோடு திரும்பிய தோழர்களைத் திருக்குர்ஆன் தவ்பா அத்தியாயத்தில் போற்றுகிறது. ஆனால் அழுகைக்குச் சிறப்புண்டு என்பது ஒரு செய்தி. கண்ணில் ஈரமில்லாதவனுக்கு ஈமானில் ஈரமில்லை என்பது முற்றிலும் வேறான செய்தி. முதலாவது மார்க்கம். இரண்டாவதை மார்க்கத்தில் எங்கும் காணோம்.

கண்ணீர் என்றதும் அழுகைதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் நாம் அழாதபோதும், சிரிக்கும்போதும், தொழும்போதும் கண்ணின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் விரிந்தே இருக்கிறது. தலைமுடியின் பருமனைவிடப் பன்மடங்கு மெல்லிய அந்தப் படலத்தை வல்ல அல்லாஹ் வெறும் நீராக அமைக்கவில்லை. அடியில் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் சளிப்பொருள். நடுவில் கண்ணீர்ச் சுரப்பி அனுப்பும் நீர். அந்நீர் காற்றில் உலர்ந்துவிடாமல் மூடிநிற்கும் எண்ணெய் மேலே. இந்த எண்ணெய், இமை விளிம்பில் வரிசையாக அமைந்த நுண்சுரப்பிகளிலிருந்து வருகிறது. ஒவ்வோர் இமையிலும் அவை இருபதுக்கும் மேற்பட்டுள்ளன. நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இந்தப் படலம் புதிதாகப் பூசப்படுகிறது.

இதில் எது குறைந்தாலும் கண் வறளும். நீர் குறைவதால் வறள்வோர் உண்டு. நீர் போதுமான அளவு சுரந்தும், எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டதால் அது நொடியில் ஆவியாகிப்போக, அதனால் வறள்வோரே மிகுதி. இந்த இரண்டாம் வகையினருக்குத் துக்கம் வந்தால் தாராளமாக அழுகை வரும், கன்னம் நனையும், ஆயினும் அவர்கள் கண் வறண்ட கண்தான். இன்னும் வியப்பானது, கண் வறண்டு எரியும்போது மூளை அதனைக் காயமெனக் கருதி, பெருவெள்ளமாக நீரைத் திறந்துவிடும். எண்ணெயற்ற அந்த நீர் கண்ணில் தங்காமல் வழிந்தோடிவிடும். "எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, எனக்கா வறட்சி?" என்று மருத்துவரிடம் வாதிடுவோர் பலர். ஆம், அதுவும் வறட்சிதான்.

கண்ணில் நீர் வடிவதை வைத்தே கல்பை எடைபோடுவதானால், நாளெல்லாம் வெங்காயம் நறுக்கும் கல்யாண வீட்டுப் பண்டாரி பெரும் இறைநேசர் ஆகிவிடுவார்!

இந்தக் கேலியை இங்கேயே நிறுத்திக்கொள்கிறோம். ஏனெனில் இந்தக் குழப்பத்தால் காயப்பட்டோர் இருக்கின்றனர். நாம் அறிந்த ஒரு பெண்மணி. அறுபதை நெருங்கும் வயது. கணவர் வஃபாத்தான அன்று மய்யித்தின் அருகே அசையாமல் அமர்ந்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. கூடியிருந்த பெண்களில் சிலர், "லாத்தாவுக்கு கல்பு கல்லாப் போச்சு, நாப்பது வருசம் வாழ்ந்த மனுசன் மவுத்தாயிட்டாரு, ஒரு சொட்டுத் தண்ணி வரலையே" என்று அவர் காதில் விழும்படியே பேசினர். இத்தாவின் நாள்கள் முழுவதும் அந்தப் பேச்சு ஓயவில்லை. ஒரு கட்டத்தில் அவரே, தாம் நயவஞ்சகக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டோமோ என்று அஞ்சத் தொடங்கினார். ஆலிமிடம் கேட்டுவரச் சொல்லி மகனை அனுப்பினார். மகன் வந்து சொன்ன செய்திகளை எல்லாம் கேட்டபோதுதான் மற்றவையும் தெரியவந்தன: ஆண்டுக்கணக்காக வாயும் வறண்டே இருந்தது, தண்ணீர் குடிக்காமல் ஒரு பிடி சோறு உள்ளே இறங்காது, பற்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையாயின, விரல் மூட்டுகள் காலையில் மடங்குவதில்லை.

மருத்துவர்கள் அதற்கு ஷோக்ரென் நோய் என்று பெயர் சொன்னார்கள். 1933-இல் அதனை விரிவாக எழுதிய சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரென் என்பவரின் பெயரால் வழங்குவது அது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தடம்மாறி, கண்ணீர்ச் சுரப்பிகளையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் அழித்துவிடும். இந்நோய் கண்டோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோர் நடுவயது கடந்தவர்கள். மூட்டுவாதத்தோடு சேர்ந்தும் வரும். முற்றிய நிலையில், நெஞ்சு வெடிக்கும் துக்கத்திலும் கண்ணில் நீர் வராது. சுரப்பதற்குச் சுரப்பியே எஞ்சியிராதபோது நீர் எங்கிருந்து வரும்? அந்தப் பெண்மணியின் கல்பு கல்லாகவில்லை. அவரைச் சுற்றி அமர்ந்து பேசியவர்களின் நாவுகள்தாம் கல்லாகியிருந்தன.

தம் மகன் இப்ராஹீம் மரணத் தறுவாயில் இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்ததும், தாங்களுமா என்று அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வியந்து கேட்டதும், அது இரக்கம் என்று நபியவர்கள் விளக்கியதும் புகாரியில் உள்ளன. அந்த விளக்கத்தில் நபியவர்கள் கண்ணின் செயலையும் கல்பின் செயலையும் தனித்தனியே எடுத்துரைத்தார்கள் என்பதை ஓதியவர்கள் அறிவர். கண் வேறு, கல்பு வேறு. இரண்டும் பல வேளைகளில் சேர்ந்து இயங்கும். எப்போதும் சேர்ந்தே இயங்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை.

"கண் வறண்டு போவது துர்ப்பாக்கியத்தின் அடையாளம் என்று ஹதீஸ் உள்ளதே" என்று ஒருவர் கேட்கலாம். கண்ணின் வறட்சி, உள்ளத்தின் கடினம், நீண்ட ஆசை, உலகப் பேராசை ஆகிய நான்கையும் சேர்த்துச் சொல்லும் ஓர் அறிவிப்பு உண்டு. அது பலவீனமான அறிவிப்பு. ஹதீஸ் கலை அறிஞர்கள் அதன் தொடரைக் குறைகூறியுள்ளனர். மிம்பரில் ஏறி அதனை முழங்குவோர் இந்தக் குறையைச் சொல்வதில்லை. அதனைப் பொருளளவில் ஏற்றுக்கொண்டாலும், அங்கு பேசப்படுவது உபதேசம் கேட்டும் உருகாத உள்ளத்தின் நிலையே தவிர, இமைச் சுரப்பியின் அடைப்பு அன்று. ஒரு சொல்லின் இரு பொருளைப் பிரித்தறியாமல் நோயாளியின் ஈமானில் கைவைப்பது எத்தகைய துணிச்சல்!

அடுத்து, சுர்மா வணிகர்களுக்கு வருவோம்.

நபி (ஸல்) அவர்கள் சுர்மா இட்டார்கள். இஸ்மித் எனும் வகையைச் சிறப்பித்துக் கூறினார்கள். திர்மிதீயிலும் பிற நூல்களிலும் இதனைக் காண்கிறோம். இதில் நமக்கு ஐயமில்லை. நம் ஐயமெல்லாம் கடையில் விற்கப்படும் டப்பியைப் பற்றியது. அதனுள் இருப்பது இஸ்மித் என்று யார் சோதித்தார்? இன்று சுர்மா என்ற பெயரில் விற்கப்படும் பொடிகளில் பல, ஈயக் கனிமத்தை அரைத்தவை என்பது பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்டுள்ளது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இரத்தச் சோகையை உண்டாக்கும். குழந்தை கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கும். அந்த வழியில்தான் நஞ்சு உடலுக்குள் செல்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய சுர்மாவை அனுமதிக்கப்பட்ட நிறப்பொருளாக ஏற்பதே இல்லை. பிறந்து நாற்பது நாளாகாத சிசுவின் கண்ணில் முகவரி இல்லாத டப்பியிலிருந்து கருப்புப் பொடியை இழுத்துவிட்டு, அதற்குச் சுன்னத் என்று பெயர் சூட்டுகிறோம். சுன்னத்தைப் பேண விரும்புபவர் முதலில் பொருளைச் சோதித்து வாங்கட்டும். ஏற்கெனவே வறண்டு புண்பட்ட கண்ணில் எந்தப் பொடியும் உராய்வையே கூட்டும் என்பதையும் அறிந்து கொள்ளட்டும்.

தேனுக்கும் இதே நிலைதான். தேனில் நிவாரணம் உண்டு என்பது குர்ஆனின் கூற்று. சமையலறைப் புட்டியில் எறும்பு மிதக்கும் தேனைக் கண்ணில் ஊற்றுங்கள் என்பது எவருடைய கூற்று? கம்ஆ எனும் நிலக்காளானின் சாறு கண்ணுக்கு நிவாரணம் என்ற நபிமொழியை விளக்கும்போது, அதனைத் தனியே பயன்படுத்துவதா, வேறு மருந்துகளோடு கலந்து பயன்படுத்துவதா என்று மருத்துவர்களின் கருத்துகளை எடுத்துவைத்து ஆராய்ந்தார்கள் இமாம் இப்னுல் கய்யிம் போன்றோர். நபிமொழியை நம்பியவர்களே அத்துணை நிதானம் காட்டினார்கள். கைபர் போரில் அலீ (ரலி) அவர்களின் கண்ணோயை நபியவர்கள் தம் உமிழ்நீரால் குணப்படுத்திய நிகழ்வைக் காட்டி, ஓதி ஊதுவதாகச் சொல்லிக் குழந்தையின் கண்ணில் எச்சில் தெறிக்க வைப்போரும் உள்ளனர். அது நபிக்கு அருளப்பட்ட முஅஜிஸா. நம் தெருவிலுள்ள எவருக்கும் அது அருளப்படவில்லை.

கண்ணேறு உண்மை, ஓதிப் பார்ப்பது ஆகுமானது. இவற்றை நாம் மறுப்பதாக எவரும் திரிக்க வேண்டாம். ஆனால் வளைகுடாவில் பகலெல்லாம் அனலிலும் புழுதியிலும் நின்று, இரவெல்லாம் முகத்துக்கு நேரே வீசும் ஏசிக் காற்றில் உறங்கும் மகன், வீடியோ அழைப்பில் சிவந்த கண்ணோடு தோன்றினால், "யார் கண்ணு பட்டுச்சோ என் புள்ளைக்கு" என்று மிளகாய் சுற்றும் உம்மாவிடம் சொல்கிறோம்: படுக்கையை ஏசியின் நேர்க்காற்றிலிருந்து தள்ளிப்போடச் சொல்லுங்கள். மிளகாய் சுற்றுவதற்கு மார்க்கத்தில் ஆதாரமும் இல்லை. அதன் புகை உங்கள் கண்ணுக்கும் ஆகாது.

காரணங்கள் எண்ணற்றவை. வயது ஏற ஏறக் கண்ணீர் குறையும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மிகுதியாக வரும். நீரிழிவு, தைராய்டு கோளாறு, மூட்டுவாதம் ஆகியவை வழிவகுக்கும். அரிப்புக்கும் தும்மலுக்கும் நாம் மிட்டாய்போல் விழுங்கும் ஒவ்வாமை மாத்திரைகள், மன அழுத்த மருந்துகள், இரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் நீர் மாத்திரைகள், முகப்பருவுக்கான சில மாத்திரைகள் ஆகியவையும் கண்ணை உலர்த்தும். மருத்துவரைக் கேளாமல் அவற்றை நிறுத்திவிடக் கூடாது. சொல்லிக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் அணிவோரும், கண்ணாடி வேண்டாமென்று லேசர் சிகிச்சை செய்துகொண்டோரும் இதில் அடங்குவர். முகவாதத்தால் ஒருபக்க இமை மூடாதவர்களின் கண் சில நாள்களிலேயே புண்ணாகிவிடக்கூடும். இவற்றில் எது பாவம்? எதற்குத் தவ்பா செய்யச் சொல்கிறீர்கள்?

பிள்ளைகளின் நிலை தனியே பேச வேண்டியது. நாம் சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறையளவில் இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. இமைத்தாலும் முழுமையாக மூடுவதில்லை. எண்ணெய் பூசப்படாத படலம் உலர்கிறது. இஷாவுக்குப் பின் கைப்பேசியோடு படுத்து நள்ளிரவு கடந்து உறங்கும் பிள்ளை ஃபஜ்ருக்குச் சிவந்த கண்ணோடு எழுகிறான். அவனிடம் "குர்ஆன் ஓதி ஓதித்தான் கண் கெட்டுவிட்டது" என்று பெற்றோர் சமாதானம் சொல்வதை ஹிஃப்ழ் வகுப்பில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். குர்ஆனின்மீது பழிபோட நாவு கூசவில்லை. கைப்பேசியைப் பிடுங்கத்தான் கை நடுங்குகிறது. அதே வேளையில் நம் மதரஸாக்களும் இதில் கவனம் செலுத்த வேண்டும். மங்கிய விளக்கின் கீழ், முகத்துக்கு நேரே சுழலும் விசிறியின் முன் ஐந்து மணி நேரம் ஓத வைத்துவிட்டு, கண் உறுத்துகிறது என்பவனைச் சோம்பேறி என்று திட்டுவது உஸ்தாதுக்கு அழகன்று. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை முஸ்ஹஃபை மூடி, மனனத்தை ஒப்பிக்க வைத்தால் கண்ணுக்கும் ஓய்வு கிடைக்கும், பாடமும் உறுதிப்படும்.

சிறுபிள்ளையின் கண் வறட்சியில் இன்னொன்றைத் தவறவே விடக் கூடாது. மஃக்ரிபுக்குப் பின் வீட்டுக்குள்ளேயே தடுமாறும் பிள்ளை, வெண்விழியில் நுரை படிந்தாற்போன்ற சாம்பல் நிறத் திட்டு உள்ள பிள்ளை, விட்டமின் ஏ குறைபாட்டால் பார்வையை இழக்கும் வழியில் இருக்கலாம். அதற்குத் தாயத்துக் கட்டி நாளைக் கடத்தினால் கருவிழியே உருகிப்போகும், போனது திரும்பாது. நம் நாட்டில் ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை விட்டமின் ஏ திரவம் அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது. அங்கன்வாடி ஊழியர் வீட்டு வாசலுக்கே வந்தும் கதவைச் சாத்துவோர் நம் மஹல்லாக்களில் உள்ளனர். முருங்கைக்கீரையும் பப்பாளியும் விலை உயர்ந்தவை அல்ல. பிரியாணி ஆக்கும் வீட்டில் வாரத்துக்கு இருமுறை கீரை கடைவது மானக்கேடும் அல்ல.

மருந்துக்கடையில் "கண் சிவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து கொடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கத்தையும் இதே வரிசையில் வைக்கிறோம். சிவப்பை உடனே போக்கும் சொட்டுகள் இரத்தக் குழாயைச் சுருக்குபவை. விட்டவுடன் முன்னிலும் மிகையாகச் சிவக்கும். ஸ்டீராய்டு கலந்த சொட்டுகள் அன்றைக்கு இதமாக இருக்கும், மருத்துவர் மேற்பார்வையின்றி மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு சத்தமின்றிச் சாகும், கண்புரையும் வரும். மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் நபிமொழி உண்டு. குரல் பதிவு அனுப்புவோரும், அதனைச் சோதிக்காமல் நாற்பது குழுக்களுக்குத் தள்ளிவிடுவோரும் இந்த நபிமொழியை ஒருமுறை எடுத்துப் படிக்கட்டும்.

முன்னோர்களின் பெருமையைப் பேசுகிறோம். அரபியில் கண் மருத்துவரைக் 'கஹ்ஹால்' என்பர். சுர்மாவைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்தது. பதினோராம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அலீ பின் ஈஸா என்ற கஹ்ஹால், ஏறத்தாழ 130 கண் நோய்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, காரணமும் சிகிச்சையும் எழுதிவைத்தார். நூற்றாண்டுகள் பலவாக அந்நூல் மருத்துவர்களின் கைகளில் இருந்தது. கண் சிவந்தால் ஒரே பதில் அவரிடம் இல்லை. நம்மிடம் இருக்கிறது: ஒரே டப்பி, 130 நோய்க்கும்.

நோய் தந்தவன் அதற்கு மருந்தையும் இறக்கியுள்ளான். ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்துள்ள நபிமொழிகளை எல்லோரும் அறிவோம். கண் மருத்துவர் முதலில் செய்வது எளிய சோதனைதான். கீழிமையின் ஓரத்தில் ஒரு சிறு காகிதத் துண்டைச் செருகி 5 நிமிடம் வைப்பார். 5 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால் நீர்ச் சுரப்பு மிகவும் குறைந்துள்ளது என்று பொருள். கண்ணின் ஈரத்தை அளக்க இப்படி ஒரு காகிதம் உண்டு. கல்பின் ஈரத்தை அளக்க எந்த ஆலிமிடமும், எந்த மாமியிடமும் ஒன்றும் தரப்படவில்லை. எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டிருந்தால் வெதுவெதுப்பான துணியால் இமைக்கு ஒத்தடமும், இமை விளிம்பைச் சுத்தம் செய்தலும் பெரும் பயன் தரும். நீர் குறைந்திருந்தால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகள் உண்டு. அடிக்கடி விட வேண்டியோர் பதப்படுத்தும் வேதிப்பொருள் கலவாத சொட்டைக் கேட்டு வாங்க வேண்டும். கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை ஆகியவை இருந்தால் மறுநாளுக்குத் தள்ளிப்போடக் கூடாது.

உளூவில் கண்ணைத் திறந்துவைத்து உள்ளே நீர் அறைவோர் உள்ளனர். முகத்தைக் கழுவுவதே கடமை. கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது கடமையன்று. பேணுதல் என்றெண்ணிப் புண்பட்ட கண்ணை வருத்த வேண்டாம்.

ரமளான் வந்தால், நோன்பு முறிந்துவிடும் என்றஞ்சிப் பகலெல்லாம் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு எரிச்சலோடு தவிப்போர் மிகப் பலர், குறிப்பாக முதியவர்கள். நம் ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும், கண்ணில் சுர்மாவோ மருந்தோ இடுவதால் நோன்பு முறியாது. தொண்டையில் அதன் சுவை தென்பட்டாலும் சரியே. மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளில் தொண்டையை எட்டினால் முறியும் என்ற கருத்துண்டு. 1997-இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹ் அகாதமியின் பத்தாம் அமர்வும், தொண்டைக்கு வந்ததை விழுங்காமல் தவிர்த்துக்கொண்டால் கண் சொட்டு நோன்பை முறிக்காது என்றே தீர்மானித்தது. சொட்டு விட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்முனையை விரலால் ஓரிரு நிமிடம் மெல்ல அழுத்திக்கொண்டால், மருந்து தொண்டைக்கு இறங்குவது வெகுவாகக் குறையும். கண்ணிலும் அது கூடுதல் நேரம் தங்கும்.